கோடு போட்டாச்சு, வழி ஏன் வரவில்லை? ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்ச் சாலைகளை வரைபவர்களுக்கு

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும், யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். அதைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன்: "எங்கள் ஊரையும் பக்கத்துக் குக்கிராமங்களையும் இணைக்கும் சாலைகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நானே வரைந்தேன். கோடு தெரிகிறது, ஆனால் வழி கேட்டால் பழையபடி சுற்றித்தான் போகச் சொல்கிறது. ஏன்? மீதிச் சாலைகளை கூகுள் மேப்பைப் பார்த்து வரையலாமா, இல்லை அரசு வெளியிட்ட தரவை மொத்தமாக ஏற்றிவிடலாமா? பிறகு இதையெல்லாம் எடுத்து ஊராட்சிக்கு ஒரு வரைபடம் அச்சடித்துக் கொடுக்கலாமா?"

நான்கு கேள்வி இருக்கிறது. முதல் கேள்விக்குத்தான் நிறைய சொல்ல வேண்டும், ஏனென்றால் அது புரிந்தால் மற்ற மூன்றுக்கும் பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

கோடு தெரிவது வேறு, வழி கிடைப்பது வேறு. நீங்கள் திரையில் பார்க்கும் படம் தரவை வைத்து வரையப்பட்ட ஒரு ஓவியம், அவ்வளவுதான். வழி சொல்லும் மென்பொருள் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது அடியில் இருக்கும் தரவை. அந்தத் தரவில் மூன்றே வகைப் பொருள்தான் உண்டு. ஒன்று நோட், அதாவது அட்சரேகை தீர்க்கரேகை கொண்ட ஒரு புள்ளி. ஏழு தசம இடம் வரை சேமிக்கிறார்கள், தரையில் அது சுமார் ஒரு சென்டிமீட்டர் நுணுக்கம். இரண்டாவது வே, புள்ளிகளை வரிசையாகக் கோத்த கோடு. ஒரு கோட்டில் அதிகபட்சம் 2000 புள்ளி. மூன்றாவது ரிலேஷன், இவற்றைச் சேர்த்து ஒரு பொருள் சொல்வது. பேருந்துத் தடம், திரும்பத் தடை மாதிரி விஷயங்கள் இதில் வரும்.

இரண்டு சாலைகள் சந்திக்கின்றன என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு கோட்டுக்கும் பொதுவாக ஒரே புள்ளி இருந்தால் மட்டும்தான். உங்கள் புதுச் சாலையின் முனை மெயின் ரோட்டுக் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்திருக்கலாம், படத்தில் அழகான முச்சந்தியாகத் தெரியலாம், ஆனால் பொதுப் புள்ளி இல்லையென்றால் மென்பொருளைப் பொறுத்தவரை அவை ஒன்றையொன்று தொடாத இரண்டு சாலைகள். உங்கள் சாலை ஒரு தனித் தீவு. தீவுக்குள் வண்டி எப்படிப் போகும்? சுற்றுவழிதான் சொல்லும். ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் கோடுகளுக்கும் இதே விதிதான், வெட்டும் இடத்தில் பொதுப் புள்ளி இல்லையென்றால் திரும்ப வழியில்லை. இது குறை இல்லை, வேண்டுமென்றே வைத்த அமைப்பு. மேம்பாலத்தில் போகிறவர் கீழே இருக்கும் சாலையில் குதித்துத் திரும்ப முடியாதல்லவா, அதைச் சொல்வதற்கு இந்த வேறுபாடு வேண்டும்.

எனவே முதலில் உங்கள் சாலையின் இரண்டு முனையையும், நடுவில் வரும் ஒவ்வொரு சந்திப்பையும் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். உலாவியிலேயே திறக்கும் ஐடி எடிட்டரில் என்றால் முனைப் புள்ளியை இழுத்து மெயின் ரோட்டுக் கோட்டின் மேல் விடுங்கள், ஒட்டிக்கொள்ளும். கணினியில் நிறுவிக்கொள்ளும் ஜோசம் என்ற வரையும் மென்பொருளைப் பயன்படுத்தினால் புள்ளியைத் தேர்ந்தெடுத்து ஜே விசையை அழுத்தினால் அருகிலுள்ள கோட்டோடு சேரும். ஒரே இடத்தில் இரண்டு புள்ளி ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தால் இரண்டையும் தேர்ந்தெடுத்து எம் அழுத்தி ஒன்றாக்க வேண்டும். இந்த இரண்டாவது சிக்கலைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு புள்ளிதான் தெரியும். அதனால்தான் ஏற்றுவதற்கு முன் ஜோசத்தில் பிழை தேடித் தரும் வேலிடேட்டரை ஓட்டிப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஐடியிலும் ஓரத்தில் எச்சரிக்கைப் பட்டியல் வருகிறது, பலர் அதைப் பார்க்காமலே சேவ் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்றி முடித்த பின் பார்க்க ஜியோஃபேப்ரிக் என்ற நிறுவனம் நடத்தும் ஓஎஸ்எம் இன்ஸ்பெக்டர் என்ற தளம் இருக்கிறது; அதில் ரூட்டிங் பார்வையைத் திறந்தால் துண்டாக நிற்கும் சாலைகளைத் தனியாகக் காட்டும். உங்கள் ஒன்றியத்தை அதில் ஒருமுறை திறந்து பாருங்கள், நீங்கள் வரைந்தது மட்டும் இல்லை, மற்றவர்கள் வரைந்து விட்டுப் போன துண்டுகளும் கண்ணில் படும்.

சரி, இணைப்பெல்லாம் ஒழுங்காக இருந்தும் வழி வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் டேக் மேல், அதாவது கோட்டுக்கும் புள்ளிக்கும் அது என்ன என்று சொல்ல நாம் ஒட்டும் விவரச் சீட்டின் மேல். நம் பக்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் விஷயம் இது: மண் சாலை என்றால் உடனே 'ட்ராக்' என்று போட்டுவிடுகிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ட்ராக் என்பது வயலுக்கும் தோப்புக்கும் காட்டுக்கும் போகிற பாதை. சாலை எதற்குப் பயன்படுகிறது என்பதை ஹைவே டேக் சொல்ல வேண்டும். மண்ணா, சரளையா, தாரா என்பதை சர்ஃபேஸ் என்ற தனி டேக் சொல்ல வேண்டும். இரண்டு ஊர்களை இணைக்கும் சாலை மண்ணாக இருந்தாலும் அது அன்கிளாசிஃபைட், சர்ஃபேஸ் மட்டும் மண். பரவலாகப் பயன்படும் ஓஎஸ்ஆர்எம் என்ற வழிகாட்டி மென்பொருளின் இயல்பான கார் அமைப்பில் ட்ராக் என்ற வகையே பட்டியலில் இல்லை. அந்த வழியாகக் கார் போகும் என்று அது நினைப்பதே இல்லை. நீங்கள் எவ்வளவு துல்லியமாக வரைந்திருந்தாலும் சரி, அந்த ஒரு சொல் சாலையை மூடிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தங்கள் ஊர்ச் சாலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பிரைமரி, செகண்டரி என்று ஏற்றிப் போடுகிறார்கள். அதே ஓஎஸ்ஆர்எம் அமைப்பில் வேக அளவு எதுவும் குறிக்காத பிரைமரி சாலைக்கு மணிக்கு 65 கிலோமீட்டர், செகண்டரிக்கு 55, டெர்ஷியரிக்கு 40, அன்கிளாசிஃபைடுக்கும் ரெசிடென்ஷியலுக்கும் 25 என்று கணக்கு. தெருவைப் பிரைமரி ஆக்கினால் லாரிக்காரர் பள்ளிக்கூட வாசல் வழியாக வந்து நிற்பார். இந்தியாவில் நடைமுறை எளிதானது: தேசிய நெடுஞ்சாலை ட்ரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி, மாவட்ட முக்கியச் சாலை செகண்டரி, இதர மாவட்டச் சாலை டெர்ஷியரி. அதற்குக் கீழே ஊர்களை இணைப்பது அன்கிளாசிஃபைட், வீடுகள் இருக்கும் தெரு ரெசிடென்ஷியல். சந்தேகமாக இருந்தால் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. நெடுஞ்சாலை எண் எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு எண் மாற்றினார்கள். சென்னையிலிருந்து திருச்சி போகும் பழைய 45 இன்று திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்குப் பிறகு 38. மக்கள் இன்னமும் 45 என்றுதான் சொல்கிறார்கள், அதனால் பழைய எண்ணை அழித்துவிடாமல் அதற்கென்று இருக்கும் ஓல்ட்-ரெஃப் டேக்கில் வையுங்கள், தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

உங்கள் ஊர் நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் இந்தப் பத்தியைத் தவறாமல் படியுங்கள், ஏனென்றால் நம்மூர் வரைபடங்களில் உயிரோடு விளையாடும் பிழை இங்கேதான் நடக்கிறது. நடுவில் மீடியன் இருக்கும் சாலையை ஒரே கோடாக வரையக் கூடாது. போகும் பக்கம் ஒரு கோடு, வரும் பக்கம் ஒரு கோடு, இரண்டுக்கும் ஒன்வே டேக், கோடு வரைந்த திசையும் வண்டி போகும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் கோடுகள் எந்தப் பக்கம் எந்தத் திசை என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஒரே கோடாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், ஊர்ச் சாலையிலிருந்து வெளியே வரும் டூவீலர்காரரிடம் "வலதுபக்கம் திரும்பு" என்று செயலி சொல்லும். அங்கே மீடியன் இருக்கும், திறப்பு ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அவர் என்ன செய்வார் என்று நமக்கெல்லாம் தெரியும், ஓரமாக எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு போவார். அதனால் மீடியன் திறப்பு எங்கெங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் இரண்டு கோட்டையும் இணைக்கும் சிறு இணைப்பை வரையுங்கள். சர்வீஸ் ரோடு எங்கே தொடங்கி எங்கே மெயின் ரோட்டில் ஏறுகிறது என்பதையும் உண்மையில் இருக்கிறபடி வரையுங்கள். "இங்கே யூடர்ன் கிடையாது", "வலது திரும்பக் கூடாது" போன்ற தடைகளுக்கு ரிலேஷன் வேண்டும். எந்தச் சாலையிலிருந்து, எந்தப் புள்ளி வழியாக, எந்தச் சாலைக்கு என்று மூன்று உறுப்பு. ஐடி எடிட்டரில் சந்திப்புப் புள்ளியைச் சொடுக்கினால் அம்புக்குறிகளாகவே வருகிறது, நிறைய பேருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

நேரத்தைப் பொறுத்த தடையும் எழுதலாம். பந்திப்பூர்ப் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் சாலைகளில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உண்டு. வரைபடத்தில் அது சும்மா நெடுஞ்சாலையாக மட்டும் இருந்தால், கூடலூரிலிருந்து இரவில் மைசூர் கிளம்புகிறவரைச் செக்போஸ்ட் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். இதற்காகவே 'கண்டிஷனல்' என்று முடியும் டேக்குகள் இருக்கின்றன, அதில் நேரத்தை 21:00-06:00 என்று எழுதுகிறோம். எல்லாச் செயலியும் இதைப் படிப்பதில்லை என்பது உண்மை, ஆனாலும் எழுதி வைக்க வேண்டும். தரவில் இல்லாததை எந்தச் செயலியாலும் என்றைக்குமே படிக்க முடியாது.

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும் காத்திருக்க வேண்டியிருக்கலாம். படம் சில நிமிடத்தில் மாறிவிடும். வழிகாட்டி மென்பொருள் அப்படி இல்லை, அது மொத்தத் தரவையும் எடுத்து முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது, அதனால்தான் கேட்டவுடன் பதில் தருகிறது. அந்தக் கணக்கைத் திரும்பப் போடும்வரை உங்கள் சாலை அதற்குத் தெரியாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே வழி கேட்டுப் பார்த்தால் ஓரிரு நாளில் மாறியிருக்கும். போனில் வரைபடத்தை இறக்கி வைத்துப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்றவற்றில் அடுத்த பதிப்பு வந்து நீங்கள் அதை இறக்கினால்தான் மாறும், வாரக்கணக்கில் ஆகலாம். நேற்று வரைந்துவிட்டு இன்று வரவில்லையே என்று அழித்து அழித்து வரையாதீர்கள், பழைய வரலாறெல்லாம் அதில் போய்விடும்.

அடுத்து கூகுள் மேப். வேண்டாம். கோட்டை மட்டும் இல்லை, தெருப் பெயரையும் அதிலிருந்து எடுக்கக் கூடாது, அவர்களுடைய செயற்கைக்கோள் படத்தின் மேலும் ஸ்ட்ரீட் வியூவைப் பார்த்தும் வரையக் கூடாது. "யாருக்குத் தெரியப்போகிறது" என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பிரிட்டனில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற பெரிய நிறுவனம், அரசின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களைப் பார்த்துத் தன் வரைபடங்களைச் செய்திருக்கிறது என்று வழக்கு வந்து, 2001-ல் 2 கோடி பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டார்கள். சாலையின் அகலத்தை வரைந்த பாணி போன்ற சின்னச் சின்ன அடையாளங்களை வைத்தே கண்டுபிடித்திருந்தார்கள். மக்கள் வரியில் செய்த வரைபடத்தை மக்களே சுதந்திரமாகப் பயன்படுத்த முடியாத அந்தச் சூழலில்தான் 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் லண்டனில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். யாரிடமும் இருந்து எடுக்காமல் நாமே நடந்து, ஓட்டி, அளந்து செய்வோம் என்பதுதான் இதன் அடித்தளமே. 2012-ல் உரிமம் மாறியபோது, புது உரிமத்துக்கு ஒப்புதல் தராதவர்கள் செய்த பங்களிப்பையெல்லாம் தேடித் தேடி நீக்கினார்கள். சில நாடுகளில் சாலைகள் துண்டு துண்டாகப் போய், திரும்ப வரைந்தார்கள். உரிமத்தை இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கும் இடத்தில் நீங்கள் நகல் எடுத்துப் போட்டால், என்றைக்காவது தெரிய வரும்போது உங்கள் நல்ல உழைப்பும் சேர்ந்துதான் நீக்கப்படும்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வரைவது? எடிட்டரில் பின்னணிப் படமாக வரும் மைக்ரோசாஃப்டின் பிங், எஸ்ரீ நிறுவனம் ஆகியவற்றின் செயற்கைக்கோள் படங்களுக்கு வரைய அனுமதி உண்டு. பிங் 2010 இறுதியிலேயே அனுமதி தந்துவிட்டது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. படம் சில ஆண்டு பழையதாக இருக்கலாம், புதிதாக வந்த புறவழிச்சாலை அதில் வெறும் வயலாகத் தெரியும். நேரில் பார்த்த ஒருவர் வரைந்து வைத்த சாலையைப் "படத்தில் இல்லையே" என்று அழித்துவிடாதீர்கள். இன்னொன்று, படம் நகர்ந்திருக்கும். மலைப்பக்கம் இது அதிகம், கொல்லிமலை ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு, அங்கே படம் சில மீட்டர் தள்ளியிருந்தாலே ஒரு வளைவு இன்னொன்றின் மேல் ஏறிவிடும். இதைச் சரிபார்க்க ஜிபிஎஸ் தடம்தான் வழி. 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்-ஸில் வேண்டுமென்றே நூறு மீட்டர் வரை பிழை கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்தியதால்தான் இன்று உங்கள் கையில் உள்ள சாதாரண போன் திறந்தவெளியில் நாலைந்து மீட்டருக்குள் இடம் சொல்கிறது. ஒரே சாலையில் வெவ்வேறு நாள் பதிவு செய்த சில தடங்களை அடுக்கிப் பார்த்தால் நடுக்கோடு எங்கே என்று தெளிவாகத் தெரிந்துவிடும். ஒற்றைத் தடத்தை நம்பிப் படத்தை நகர்த்த வேண்டாம்.

மூன்றாவது கேள்வி, அரசுத் தரவை மொத்தமாக ஏற்றுவது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவியியல் தரவு விதிகளைத் தளர்த்தியது, அதற்கு முன் வரைபடம் செய்யவே முன் அனுமதி, கட்டுப்பாடு என்று இருந்த பலவும் போயின. அடுத்த ஆண்டு பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் சாலைத் தரவும் பொதுவில் வந்தது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் பொதுவில் இருக்கிறது என்பதாலேயே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றலாம் என்று ஆகாது, அதன் உரிமமும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஓடிபிஎல் உரிமமும் பொருந்த வேண்டும். அதை நீங்களோ நானோ தனியாக முடிவு செய்யக் கூடாது. இந்தியப் பங்களிப்பாளர் குழுவிலும் இறக்குமதிக்கென்று இருக்கும் குழுவிலும் முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் முறை.

உரிமம் பொருந்தினாலும் மொத்தமாக ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். அமெரிக்காவில் 2007-08-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் என்ற சாலைத் தரவை நாடு முழுக்க ஏற்றினார்கள். காலியாக இருந்த நாடு ஒரே மூச்சில் நிரம்பியது. ஆனால் சாலைகள் இடம் தள்ளிக் கிடந்தன, காட்டுப் பாதையும் பண்ணை வீட்டுக்குப் போகும் தனியார் பாதையும்கூட ரெசிடென்ஷியல் என்று வந்தன, பதினைந்து ஆண்டு கடந்தும் "இன்னும் சரிபார்க்கவில்லை" என்ற டேக்கோடு நிறைய சாலைகள் இருந்தன. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது: 2007-ல் ஏஎன்டி என்ற நெதர்லாந்து நிறுவனம் தன் நாட்டுச் சாலைகளோடு இந்தியா, சீனாவின் முக்கியச் சாலைகளையும் கொடையாகத் தந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் ஊர்ப் புள்ளிகள் பல இடத்தில் உண்மையான ஊரிலிருந்து விலகி இருந்தன. ஏஎன்டி என்று தொடங்கும் பழைய டேக்குகளோடு இருக்கும் ஊர்ப் புள்ளி உங்கள் பக்கத்தில் இருந்தால், ஊர் நடுவில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாக வந்த தரவுக்கு ஊரில் சொந்தக்காரர் இல்லை என்பதுதான் பிரச்சினை. ஒருவர் தன் கையால் வரைந்த சாலையை அவரே திரும்ப வந்து பார்ப்பார், தார் போட்டால் மாற்றுவார். ஏற்றிவிட்டுப் போனதை யாரும் பார்ப்பதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்த சாலைகளும் கிடைக்கின்றன. மெட்டா நிறுவனத்தின் ரேபிட் எடிட்டரில் அவை பரிந்துரையாக வரும், நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் சேரும். வேகமாக வேலை முடிகிறது என்பதில் சந்தேகமில்லை, நான் எதிர்க்கவில்லை. ஆனால் வானத்திலிருந்து பார்க்கிற கணினிக்கு வாய்க்கால் கரையும் சாலை மாதிரிதான் தெரியும், வற்றிய ஓடையும் மண் சாலை மாதிரிதான் தெரியும், தோப்புக்கு நடுவே போகும் வரப்பும் அப்படித்தான். ஏரிக்கரை மேல் டூவீலர் போகும், கார் போகாது. அதை மேலிருந்து எந்தக் கணினியும் சொல்லாது. ஊர்க்காரர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஆமாம் இல்லை என்று சொன்னால் மட்டும் அது பயன்.

உங்களைப் போல அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களால் மட்டுமே தரக்கூடியது வேறு விஷயம். தரைப்பாலம் எங்கே இருக்கிறது? ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் அதன் மேல் எத்தனை நாள் போகும்? அந்தத் துண்டைத் தனியாக வெட்டி, தாழ்பாலம் என்று குறித்து, வெள்ளம் வரும் இடம் என்பதற்கான ஃப்ளட்-ப்ரோன் டேக்கும் போடுங்கள். ரயில்வே கேட்டை மூடிவிட்டு அதற்குப் பதில் சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்களா? வரைபடத்தில் இன்னும் பழைய கேட்டின் பொதுப் புள்ளி இருந்தால், மூடிய கேட்டுக்கே எல்லாரையும் அனுப்பும். பழைய இணைப்பை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதையை வரையுங்கள், முகப்பில் உயரக் கட்டுப்பாடு எழுதியிருந்தால் மேக்ஸ்ஹைட் டேக்கில் அதைச் சேருங்கள், மழையில் நீர் தேங்கும் என்றால் அதையும். வைக்கோல் லாரி ஓட்டுகிறவருக்கு இந்த ஒரு எண் எவ்வளவு முக்கியம் என்று கேட்டுப் பாருங்கள். தெருவை மறித்துக் கல்தூண் நட்டிருக்கிறார்களா, சிற்றுந்து உள்ளே திரும்புமா, பள்ளி எதிரே வேகத்தடை இருக்கிறதா, இதெல்லாம் கோட்டில் இருக்காது. நான் ஒரு சாலையை நன்றாக வரைந்திருக்கிறார்கள் என்று சொல்வது வளைவு அச்சாக இருப்பதைப் பார்த்து இல்லை, இந்த விவரங்களைப் பார்த்துத்தான். ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி போதும். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி என்ன விடுபட்டிருக்கிறது என்று அதுவே கேள்வியாகக் கேட்கும், தரை என்ன, விளக்கு உண்டா என்பது போல. பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்துவிடுகிறார்கள்.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறது, அதை நிரப்பாமல் விடாதீர்கள். பெயர்ப்பலகை இருந்தால் பலகையில் இருப்பதை எழுதுங்கள். ஊரில் வேறு பெயர் வழங்கினால் அதை மாற்றுப் பெயராகச் சேருங்கள். வீட்டு உரிமையாளர் பெயர், தொலைபேசி எண் இதெல்லாம் எங்கேயும் வேண்டாம், தனிமனிதர் விவரத்துக்கு அது இடமில்லை.

இந்த வேலை யாருக்குப் பயன்படும் என்று யாராவது கேட்டால் 2015 டிசம்பரைச் சொல்லுங்கள். சென்னை வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே தெருவைச் சொடுக்கிக் குறிக்கும் ஒரு வரைபடத்தைத் தன்னார்வலர்கள் வைத்தார்கள். ஒவ்வொரு தெருவும் தனித்தனிக் கோடாக, திறந்த உரிமத்தில், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்கனவே இருந்ததால்தான் அதை அவ்வளவு வேகமாகச் செய்ய முடிந்தது. வெள்ளம் வந்த பிறகு உட்கார்ந்து தெரு வரைந்துகொண்டிருக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. படமாக மட்டும் பார்க்கக் கிடைக்கும் வரைபடத்தில் இதைச் செய்யவே முடியாது, தரவு கையில் கிடைக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, ஊராட்சிக்கு அச்சடிப்பது. தாராளமாகச் செய்யலாம், விற்கவும் செய்யலாம். ஓடிபிஎல் கேட்பது இரண்டுதான். படத்தின் ஓரத்தில் தரவு ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுடையது என்று தெளிவாக எழுத வேண்டும். அப்புறம், தரவையே திருத்தி மேம்படுத்தி அதைப் பொதுவில் பயன்படுத்தினால், அந்த மேம்படுத்திய தரவையும் அதே உரிமத்தில் தர வேண்டும். நீங்கள் திருத்தத்தை நேராக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே செய்துவிட்டால் இந்த இரண்டாவது பேச்சே வராது.

தரவை எடுப்பதற்கு, ஒரு ஒன்றியம் அளவு என்றால் ஓவர்பாஸ் டர்போ என்ற தேடல் தளம் போதும். "இந்தச் சதுரத்துக்குள் இருக்கும் சாலைகள் எல்லாம்" என்றும் கேட்கலாம், "சர்ஃபேஸ் குறிக்காத சாலைகள் மட்டும்" என்றும் கேட்கலாம். இரண்டாவதை முதலில் கேட்டுப் பாருங்கள், உங்கள் அடுத்த மாத வேலைப் பட்டியல் அப்படியே வந்துவிடும். மாவட்டம், மாநிலம் என்று போனால் ஜியோஃபேப்ரிக் தளத்தில் தினமும் புதுப்பிக்கும் கோப்புகள் இருக்கின்றன, தென்னிந்தியாவுக்குத் தனிக் கோப்பு. அதை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து சாலை வகைக்கு ஒரு நிறம், தார் இல்லாத சாலைக்கு விட்டு விட்டு வரும் கோடு, தரைப்பாலத்துக்குச் சிவப்புக் குறி என்று அமைத்தால் ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டும் அளவுக்கு வந்துவிடும். தமிழ் எழுத்துரு சரியாகச் சேர்ந்து வருகிறதா என்பதை மட்டும் பிடிஎஃப் எடுத்துப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குக் கொடுங்கள்.

முழு அச்சுக்கு முன் ஏ3 தாளில் ஒரு மாதிரி எடுத்து, அந்தத் தடத்தில் ஓட்டும் மினிபஸ் டிரைவர், பால் வண்டிக்காரர், தபால்காரர் மூன்று பேரிடமும் காட்டுங்கள். "இந்த இடத்தில் வண்டி திரும்பாது", "இந்தப் பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள்" என்று பேனாவால் குறித்துத் தருவார்கள். அவர்கள் சொன்ன இடங்களைப் போய்ப் பார்த்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தி, சேஞ்ச்செட் (ஒருமுறை ஏற்றும் திருத்தங்களின் தொகுப்பு) குறிப்பில் என்ன மாற்றினோம், எப்படித் தெரியும் என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். "நேரில் பார்த்தது" என்ற ஒரு சொல் இருந்தாலும் போதும், அடுத்து வந்து பார்க்கும் பங்களிப்பாளர் உங்கள் திருத்தத்தைப் படத்தை நம்பி மாற்றிவிட மாட்டார். முதலில் அந்த முச்சந்திப் புள்ளியைப் பாருங்கள். இணைத்த பிறகும் வழி வரவில்லை என்றால் சேஞ்ச்செட் எண்ணைப் போடுங்கள், எந்த டேக் தடுக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.